ஒப்படைத்த சாதனமும் மீட்டமைக்கும் உரிமையும்



சரித்திரம் என்றால் அரச பரம்பரைகளும் போர்களும் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில், அதன் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது என்று சொல்லத் துணிகிறேன். ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியபோது என்ன சாட்சியம் கேட்கப்பட்டது, யார் ஒப்பினர், பக்கத்து நிலத்துக்காரருக்கு ஊறு நேராதபடி எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பனவே அது. செப்பேடுகளில் நான்கெல்லையும் விரித்துரைத்திருப்பது இதற்காகத்தான். நம் காலத்தில் இத்தகைய சாசனங்கள் செம்பில் வெட்டப்படுவதில்லை. கணினி நிரல்களில் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். கணினியின் ஒரு சாதனத்தை ஒருவரிடம் நேரே ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போது அதைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமே, அந்த அதிகாரம் யாருக்கு உண்டு? இதற்கு லினக்ஸ் கெர்னல் அளித்த விடைதான் என் பொருள்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவகம், வட்டு, வலையமைப்பு அட்டை, திரையில் படம் வரையும் வரைகலை அட்டை ஆகிய எல்லாவற்றையும் ஆளும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். ஒவ்வொரு சாதனத்தோடும் அதனதன் பாஷையில் பேசுவதற்குக் கெர்னல் வைத்திருக்கும் துபாஷிக்கு டிரைவர், அதாவது இயக்கி, என்று பெயர். கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள் கெர்னலிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கென வகுத்த வாசலே இடைமுகம். லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், இன்று உலகின் பெரிய கணினி நிலையங்களில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் தோற்றம் உண்டாக்கும் வித்தை இதற்கும் முந்தியது. 1967ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் சி.பி.-40 என்னும் அமைப்பு அவ்வாறு இயங்கியது, 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் அது வியாபாரத்துக்கும் வந்தது. இவ்வாறு உள்ளே ஓடும் கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். ஆங்கிலத்தில் அதனை விருந்தினர் என்றே அழைப்பர். விருந்தினர் காணும் வட்டும் வலையமைப்பு அட்டையும் பெரும்பாலும் மெய்யானவை அல்ல; வேஷம் தரித்த மென்பொருள்களே. வேஷத்துக்கு ஒரு விலை உண்டு, அது வேகம். ஆகவே, மெய்யான சாதனத்தையே விருந்தினர் கையில் நேராகக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் பிறந்தது. லினக்ஸுக்குள் கே.வி.எம். என்னும் மெய்நிகர் வசதி 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில், 2.6.20ஆம் பதிப்பில், சேர்ந்தது. 2008 டிசம்பரில் வெளியான 2.6.28ஆம் பதிப்பிலேயே சாதனத்தை நேரே ஒப்படைக்கும் முதல் முயற்சியும் வந்துவிட்டது.

இதில் ஆபத்து எங்கே உள்ளது? இக்காலச் சாதனம் ஒன்று, மையச் செயலியின் உதவியை நாடாமல், தானே நினைவகத்துக்குள் புகுந்து எழுதவல்லது. அதனை அந்நியர் கையில் கொடுத்தால் முழுக் கணினியின் நினைவகத்தையும் கொடுத்ததாகிவிடும். இதைத் தடுக்கவே ஐ.ஓ.எம்.எம்.யு. என்னும் வன்பொருள் காவல் உண்டாயிற்று. இந்தச் சாதனம் நினைவகத்தின் இந்தப் பகுதிக்குள் மட்டுமே நுழையலாம் என்று அது வேலி கட்டுகிறது. எனினும் சில சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வேலி கட்ட அதனாலும் இயலாது. அப்படிப் பிரிக்கவொண்ணாத மிகச் சிறிய தொகுதியைக் குழு என்று லினக்ஸில் வழங்குகின்றனர். இந்தக் குழு என்னும் சொல்லை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னர் பெரும்பங்கு பெறப்போவது அதுவே.

வேலி கட்டியபின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. ஒரு விருந்தினர் விடைபெற்றபின் அதே சாதனம் அடுத்தவர் கைக்குப் போகிறது. முன்னவர் எழுதிய இரகசியம் அதன் உள்நினைவகத்தில் தங்கியிருக்கலாம். முன்னவர் இட்ட ஏவலை அது இன்னும் செய்துகொண்டிருக்கலாம். அல்லது அவர் செய்த குளறுபடியில் ஊமையாகி நிற்கலாம். ஒரு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், முந்தைய பாடவேளையின் எழுத்துகள் நிறைந்த கரும்பலகையில் தம் பாடத்தைத் தொடங்க முடியாது. அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கணினியை நாழிகைக் கணக்கில் வாடகைக்கு விடும் இந்நாளில், முன்னவர் ஒரு வங்கியாகவும் பின்னவர் முகமறியாத ஒருவராகவும் இருத்தல் கூடும். துடையாத பலகை அங்கே அசட்டை மட்டுமன்று. நம்பிக்கை மோசமும் ஆகும். அப்படித் துடைப்பதற்கே ரீசெட் அல்லது மீட்டமைப்பு என்று பெயர்.

துடைக்கும் வழிகள் பல இருந்தன என்பதுதான் சிக்கலின் தொடக்கம். சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பி.சி.ஐ. என்னும் ஏற்பாட்டில் ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றோ பலவோ செயற்கூறுகள் உண்டு. வரைகலை அட்டையைப் பாருங்கள். படத்துக்கு ஒரு கூறு, அதன் ஒலிக்கு மற்றொரு கூறு. ஒரு கூறை மட்டும், பிறவற்றைத் தீண்டாமல், மீட்டமைக்கும் வழியை எஃப்.எல்.ஆர். என்பார்கள். 2007இல் வெளியான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 விதிநூலில் அது இடம்பெற்றிருக்கிறது. ஏவியபின் 100 மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள், அந்தக் கூறு மீட்டமைப்பை முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மிக நேர்த்தியான வழி. ஆனால் விதிநூல் இதனைக் கட்டாயமாக்காமல், விரும்பினால் செய்யலாம் என்று விட்டுவிட்டது. என் கருத்தில், பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு இந்த ஒரு தாராளமே காரணம். விருப்பப் பாடம் என்று அறிவித்துவிட்டால் எத்தனை மாணவர்கள் அதைப் படிப்பார்கள் என்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியும்.

இரண்டாவது வழி, சாதனத்தை மின்சாரம் குறைந்த உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்புவது. சில சாதனங்கள் உறங்கி எழுந்தாலும் பழையதை மறப்பதில்லை என்று தாமே அறிவித்துக்கொள்கின்றன. அவற்றிடம் இது பலிக்காது. மூன்றாவது வழி பஸ் மீட்டமைப்பு. பஸ் என்றதும் ஊருக்குச் செல்லும் பேருந்து நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எல்லோருக்கும் என்று பொருள்படும் ஆம்னிபஸ் என்னும் லத்தீன் சொல் அது. பல சாதனங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பாதை என்பது இங்கே பொருள். அந்தப் பாதைக்கு மேலுள்ள பாலத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால், பாதையிலுள்ள அத்தனை சாதனங்களும் ஒருசேர மீட்டமைக்கப்படும். இது நிச்சயமான வழி. முரட்டு வழியும் இதுவே. ஒருவர் வயலுக்காகத் தலைமடையை அடைத்தால் வாய்க்கால் முழுவதும் வறண்டுபோவதைப் போன்றது.

2009ஆம் ஆண்டில், நிர்வாகி ஒருவர் ஒரு சாதனத்தை மீட்டமைக்கும்படி கேட்பதற்கு எளிய வாசல் ஒன்றைக் கெர்னல் திறந்தது. சாதனத்தின் பெயரால் அமைந்த அடைவில் ரீசெட் என்ற கோப்பில் 1 என்று எழுதினால் போதும். கெர்னல் தனக்குத் தெரிந்த வழிகளை ஒவ்வொன்றாக முயலும். ஆனால் பஸ் மீட்டமைப்பை, அந்தப் பாதையில் வேறு சாதனம் எதுவும் இல்லாதபோது மட்டுமே செய்யும். எச்சரிக்கை நியாயமானதுதான். எனினும் அதன் விளைவைப் பாருங்கள்: படக்கூறும் ஒலிக்கூறும் ஒரே பாதையில் இருக்கும் வரைகலை அட்டை, எஃப்.எல்.ஆர். இல்லாததாயும், உறங்கி எழுந்தாலும் பழையதை மறவாததாயும் இருப்பின், ஒருநாளும் துடைக்கப்பட மாட்டாது. எந்தச் சாதனத்துக்குத் துடைப்பு மிகவும் வேண்டுமோ, அதற்கே அது மறுக்கப்பட்டது.

இதற்கிடையே ஒப்படைக்கும் ஏற்பாடே புதிதாக எழுதப்பட்டது. சிஸ்கோவைச் சேர்ந்த டாம் லயன் 2010இல் முன்மொழிந்த வி.எஃப்.ஐ.ஓ. என்னும் திட்டத்தை, ரெட்ஹாட் நிறுவனத்தின் அலெக்ஸ் வில்லியம்சன் எடுத்து மாற்றி எழுதினார். 2012 செப்டம்பரில் வெளியான 3.6ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. முந்தைய கே.வி.எம். ஏற்பாடு 2017இல் நீக்கப்பட்டது. வி.எஃப்.ஐ.ஓ.வின் சிறப்பு, சாதனத்தைப் பெறும் நிரல் சர்வாதிகாரம் உடையதாக இருக்க வேண்டியதில்லை என்பதே. ஒரு குழுவின் கோப்பைத் திறக்கும் அனுமதி மட்டும் போதும். தனிச் சாதனத்தை மீட்டமைக்கும் கட்டளை ஒன்று அதில் முதலிலேயே இருந்தது. அதுவும் பழைய தயக்கத்தையே கொண்டிருந்தது.

இனி நான் விரும்பிச் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன். 2013 நவம்பரில் வெளியான 3.12ஆம் பதிப்பில், பஸ் மீட்டமைப்புக்கென ஒரு புதிய இடைமுகம் சேர்ந்தது. அதனை உடன்மீட்டமைப்பு என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். அது இரண்டு கட்டளைகளால் ஆனது. முதற்கட்டளை வெறும் வினா: இந்தச் சாதனத்தின் பாதையை நான் மீட்டமைத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள்? கெர்னல் ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு சாதனத்தின் விலாசமும் அது சேர்ந்த குழுவின் எண்ணும் அதில் இருக்கும். இரண்டாவது கட்டளையே செயல். அதனோடு, பாதிக்கப்படும் குழுக்கள் அனைத்தின் திறந்த கோப்புகளையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுக்கப்படும்.

இதன் நயத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கேட்பவர் குழுவின் பெயரைச் சொன்னால் போதாது. பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். திறந்த கோப்பு என்பது அந்தக் குழு தம் கையில் இருக்கிறது என்பதற்கு மறுக்கவொண்ணாத அத்தாட்சி. சத்திரத்தின் ஓர் ஓட்டில் நான்கு அறைகள் இருக்க, முழு ஓட்டையும் கழுவிவிடக் கேட்கிறவர் நான்கு அறைச் சாவிகளையும் மேசைமேல் வைக்க வேண்டும் என்று மணியக்காரர் கேட்பதற்கு இது நிகர். இவர் பெரியவர், இவர் சொன்னால் சரியாயிருக்கும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இத்தகைய மாற்றம் எதுவும் கெர்னலில் சேருமுன், பிறர் அதனைப் பொதுவில் படித்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அந்த ஆசனத்தில் நானே அமர்ந்ததாகப் பாவித்துச் சில வினாக்களைத் தொடுத்துப் பார்த்தேன். பட்டியல் தந்ததற்கும் செயலுக்கும் இடையே புதிய சாதனம் ஒன்று அப்பாதையில் செருகப்பட்டால் என் செய்வது? கெர்னல் முதற்பட்டியலை நம்புவதில்லை. செயலின்போது மீண்டும் தானே எண்ணிச் சரிபார்க்கிறது. பாதையிலுள்ள ஒரு சாதனம் வி.எஃப்.ஐ.ஓ.வுக்கு வெளியே, தாய்க் கணினியின் சொந்த இயக்கியிடம் இருந்தால்? மீட்டமைப்பு நடவாது. நிரல் துடைக்காமலே செத்துப்போனால்? இதற்கு 2014இல், 3.17ஆம் பதிப்பில்தான் தக்க விடை வந்தது. மீட்டமைக்க இயலாமல் விடப்பட்ட சாதனத்தின்மேல் கெர்னல் ஓர் அடையாளம் இட்டுக்கொள்கிறது. அப்பாதையின் சாதனங்களில் கடைசியானதும் விடப்பட்டவுடன், யாரும் கேளாமலே பாதை முழுவதையும் மீட்டமைக்க முயல்கிறது. நிரல் நல்லொழுக்கம் உடையதாக இருக்கும் என்று எண்ணி அமைந்த ஏற்பாடாக இல்லாமல், செத்துப்போகும் நிரலையும் கணக்கில் எடுத்தது இது.

உரிமையின் கதை இவ்வாறு சீராகப் போக, சாதனங்களின் நடத்தையோ வேறு விதமாக இருந்தது. கெர்னலில், பி.சி.ஐ. சாதனங்களின் கோணல்களைக் குறித்துவைக்கும் ஒரு கோப்பு உண்டு. அதனைப் படிக்கும்போதெல்லாம் பள்ளியின் நடத்தைப் பதிவேடே என் நினைவுக்கு வருகிறது. இன்டெலின் 82579 வகை ஈதர்நெட் சாதனமும், ஏ.எம்.டி.யின் மட்டீஸ் வகை ஒலி, யு.எஸ்.பி. சாதனங்களும் எஃப்.எல்.ஆர். தெரியும் என்று சொல்லிக்கொள்ளும்; ஏவினாலோ ஸ்தம்பித்து நின்றுவிடக்கூடும். ஆகவே அவற்றிடம் அதைக் கேட்காதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறானது இன்டெலின் 82599. அதன் மெய்நிகர்க் கூறுகளுக்கு எஃப்.எல்.ஆர். நன்றாகத் தெரியும், தெரியும் என்று சொல்வதற்கு மட்டும் அவற்றுக்கு வழியில்லை, மூலக்கூறின் பதிவிலேயே அச்செய்தி இருக்கிறது. விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளை! சில அதெரோஸ் வலையமைப்பு அட்டைகளோ, பஸ் மீட்டமைப்புக்குப்பின் திரும்பி வருவதேயில்லை.

வரைகலை அட்டைகள் தந்த தொல்லை இன்னும் நீண்டது. ஏ.எம்.டி.யின் பொனேர், ஹவாய் வகைகளுக்காக, விருந்தினரை ஓட்டும் கியூஎமு நிரலில் 2015இல் தனியாக ஒரு வைத்தியம் எழுத நேர்ந்தது. அந்நிறுவனத்தின் பிந்தைய வகைகள் சிலவற்றுக்காக, 2020இல் கெர்னலுக்கு வெளியே ஆர்வலர்கள் ஒரு தனிக்கூறையே எழுதி உதவினர். விருந்தினரை ஒருமுறை அணைத்தால், தாய்க் கணினியையே அணைத்து எழுப்பினாலன்றி அட்டை மீளாது என்பதே அவர்கள் பட்ட பாடு. 2021இல் 5.15ஆம் பதிப்பில், எந்தச் சாதனத்துக்கு எந்த வழியை எந்த வரிசையில் முயல்வது என்பதை நிர்வாகியே பார்த்து மாற்றிக்கொள்ள ஒரு கோப்பு சேர்ந்தது. கெர்னலுக்குத் தெரியாததை நிர்வாகி தம் அனுபவத்தால் அறிந்திருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பி.சி.ஐ. வகையைச் சேராத சாதனங்களும் உண்டு. ஆர்ம் செயலிகளைக் கொண்ட கணினிகளில் அவை மிகுதி. அவற்றுக்குப் பொதுவான மீட்டமைப்பு விதியே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது. 2015 முதல் கால்செடா, ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்களின் வலையமைப்புச் சாதனங்களுக்கு அப்படி எழுதினார்கள். பின்னர் ஒரு கண்டிப்பும் சேர்ந்தது: மீட்டமைக்கும் வழி தெரியாத சாதனத்தை ஒப்படைக்கவே மறுப்பது என்பதே இயல்பான நிலை. வேண்டுமென்று துணிகிறவர் அந்தக் கண்டிப்பைத் தம் பொறுப்பில் வெளிப்படையாக நீக்கிக்கொள்ள வேண்டும். துடைக்கத் தெரியாத பலகையில் எழுத அனுமதி இல்லை என்ற இந்தத் தீர்மானத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். இதனால் சிலருக்கு அசௌகரியம் உண்டுதான்; ஆனால் அந்த அசௌகரியத்தை அவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள்.

2023ஆம் ஆண்டில் அத்தாட்சிக் கேள்வி மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில், 6.2ஆம் பதிப்பில், ஐ.ஓ.எம்.எம்.யு.எஃப்.டி. என்னும் புதிய ஏற்பாடு வந்தது. அதன் தொடர்ச்சியாக, குழுவின் கோப்பைத் திறவாமல் சாதனத்தின் கோப்பையே நேராகத் திறக்கும் வழி, அக்டோபரில் வெளியான 6.6ஆம் பதிப்பில் சேர்ந்தது. நல்லதுதான், ஆனால் குழுக் கோப்பு இல்லையென்றால் மணியக்காரரின் மேசைமேல் எந்தச் சாவியை வைப்பது? இந்த ஒரு வினாவுக்காக அந்த நிரல்வரிசை பலமுறை திருத்தி எழுதப்பட்டது. இறுதியில் கண்ட முடிவு இது. புதிய வழியில் வருபவர் சாவி எதையும் நீட்ட வேண்டியதில்லை, வெறுங்கையோடு கேட்கலாம். பாதிக்கப்படும் சாதனங்கள் எல்லாம், கேட்பவருடைய ஒரே ஐ.ஓ.எம்.எம்.யு.எஃப்.டி. கணக்கின் உரிமைக்குள் அடங்குகின்றனவா என்று கெர்னலே தன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும். பட்டியலில் அவருடைய சாதனத்துக்கு அதற்குரிய எண் காணப்படும். தனி எண் இல்லாவிடினும் அவர் உரிமைக்குள் அடங்குவதற்கு 0 என்றும், அடங்காததற்கு -1 என்றும் இருக்கும். ஒரே ஒரு -1 இருந்தாலும் மீட்டமைப்பு மறுக்கப்படும். சாட்சியம் கேட்பவரின் கையிலிருந்து காப்பவரின் ஏட்டுக்கு மாறிற்று, கண்டிப்பு மாறவில்லை.

பழைய நிரல்கள் என்ன ஆயின என்று கேட்கலாம். வெளி நிரல்கள் நம்பியிருக்கும் வாசலை அடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் விதி. ஆதலால் குழுக் கோப்புகளைச் சமர்ப்பிக்கும் 2013ஆம் ஆண்டு வழியும் அதே பதிப்பில் உயிரோடு இருந்தது. ஒரே கட்டளை இரண்டு தலைமுறைக்கும் எப்படிப் பணி செய்ய முடிந்தது என்பதற்கான காரணம், முதலில் எழுதியவர்கள் விட்டுவைத்த ஒரு வெற்றிடம். வி.எஃப்.ஐ.ஓ.வின் இத்தகைய படிவங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இரண்டு கட்டங்கள் உண்டு: படிவத்தின் அளவு ஒன்று, கொடிகள் என்று பெயரிட்ட 32 பிட்டுக் கட்டம் மற்றொன்று. 2013இல் உடன்மீட்டமைப்புப் பட்டியலின் கொடிக் கட்டத்துக்கு எந்தப் பொருளும் வகுக்கப்படவில்லை. பத்தாண்டு கழித்து அதில் இரண்டு பிட்டுகள் பொருள் பெற்றன. இப்பட்டியல் கூறுவது குழு எண்களை அன்று, சாதன எண்களை என்று முதல் பிட்டு அறிவிக்கும். இதிலுள்ள யாவும் கேட்பவரின் உரிமைக்கு உட்பட்டவையே என்று இரண்டாவது பிட்டு அறிவிக்கும். மற்ற 30 பிட்டுகளும் அந்தப் பதிப்பில் வெறுமையாகவே விடப்பட்டன.